குருவம்மாள் வாசலில் உட்கார்ந்தவன்

கிட்டங்கித் தெருவில் எந்த வீட்டில் போய்க் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். வீட்டுக்கு வீடு குழம்பு ருசி மாறுகிற மாதிரி கதையும் கொஞ்சம் மாறும். ஆனால் குழுக் கடன் வசூலிக்கிற செண்பகராஜ் ஒரு செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில், குருவம்மாள் வாசலில் அவள் எடுத்துப் போட்ட சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான் என்பதிலும், உட்கார்ந்தவன் போகிப் பண்டிகை வரைக்கும் எழுந்திருக்கவில்லை என்பதிலும் யாருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது.

அந்தத் தெருப் பெண்கள் எல்லாரும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். ஆபீஸ் என்றால் மேசையும் மின்விசிறியும் போட்ட ஆபீஸ் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே தரையில் குத்தவைத்துக் குச்சி அடுக்குகிற, பெட்டி ஒட்டுகிற இடத்துக்குச் சாத்தூர்ப் பக்கத்தில் அப்படித்தான் பேர். அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை பிறந்தும் விடவில்லை, மழையில் குச்சி காயவில்லை, குச்சி காயாததால் மருந்து ஒட்டவில்லை, மருந்து ஒட்டாததால் ஆபீசைப் பூட்டினார்கள், ஆபீசைப் பூட்டியதால் குருவம்மாள் வாங்கிய குழுக் கடனில் முதல் முறையாக ஒரு தவணை நின்றது. அவள் புருஷன் சங்கிலி போர்வெல் லாரியோடு எந்த மாநிலத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தானோ, போனில் அவன் குரலைவிட எந்திரத்தின் குரல்தான் அதிகம் கேட்கும்.

குழுக் கடன் எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு குழு. ஒருத்திக்கு மற்ற நால்வரும் ஜாமீன். வாராவாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தெரு முனையிலுள்ள சமுதாயக் கூடத்தில் கூட வேண்டும், வலது கையை முன்னால் நீட்ட வேண்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி உறுதிமொழி சொல்ல வேண்டும்: நாங்கள் ஐவரும் ஒருவருக்கொருவர் பொறுப்பு, தவணை நாளில் தவறாமல் வருவோம், ஒருத்தியால் முடியாவிட்டால் மற்ற நால்வரும் தாங்குவோம். சொல்லி முடித்த பிறகுதான் பணத்தை எடுத்து வைக்கலாம். அன்றைக்கும் குருவம்மாள் போனாள், கையை நீட்டினாள், உறுதிமொழி சொன்னாள், "தம்பி, இந்த வாரம் முடியல. ஆபீஸ் தொறந்ததும் சேத்துக் கட்டிருதேன்" என்றாள். செண்பகராஜ் பையை மூடினான்.

பொழுதடைந்த பிறகு மற்ற நால்வரையும் ஆட்டைப் பத்துகிற மாதிரி முன்னால் விட்டுக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தான். அது அந்தத் தொழிலில் ஒரு முறை. திட்டுகிற வாய் ஒன்றுதான், கூசுகிற முகம் ஐந்து. "சேர் எடுத்துப் போடு" என்றான். விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே வருகிற, வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைக் குருவம்மாள் முந்தானையால் துடைத்துப் போட்டாள். அவன் காலை அகட்டி உட்கார்ந்து, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தான்.

"கட்ட வக்கில்லாதவளுக்குக் கடன் எதுக்கு? காதுல கம்மல் எதுக்கு? இனிமே முழுக் கடனையும் கட்டணும். இல்லேன்னா போலீசு வரும், வீட்ட ஜப்தி பண்ணுவாங்க!"

"ஒரு டியூதான தம்பி பாக்கி?" என்றாள் குழுத் தலைவி பாக்கியத்தாய்.

"எனக்குக் கணக்குச் சொல்லாதீங்க. முழுப் பணத்தையும் வட்டியோட வாங்காம இந்தச் சேர விட்டு எந்திரிச்சேன்னா நான் செண்பகராஜ் இல்ல!"

இதில் புதுசு ஒன்றுமில்லை. எந்த ஊரில் எந்தத் தெருவில் எந்த வசூல்காரன் உட்கார்ந்தாலும் இதைத்தான் சொல்வான். பேச்சுக்குச் சொல்வது, சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் எழுந்து அடுத்த வாசலுக்குப் போவது. அன்றைக்கு எந்தச் சாமி அந்த வழியாக நடந்து போனதோ, மழைக்கு எந்தக் கூரையின் கீழ் ஒதுங்கி நின்றதோ, அவன் சொன்ன வார்த்தை சொன்னபடியே பிடித்துக்கொண்டது. நாலு பெண்களும் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் குருவம்மாளின் ஒரு தவணையைத் தேற்றி அவன் கையில் வைத்தார்கள், அவன் எண்ணினான், பைக்குள் போட்டான், எழப் பார்த்தான், எழுந்திருக்க முடியவில்லை.

நாற்காலியில் பசை கொட்டியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள் வீட்டில் வேறென்ன நினைப்பார்கள்? வெந்நீர் ஊற்றினார்கள், அவன் அலறினான். தேங்காயெண்ணெய் ஊற்றினார்கள், வழுக்கியதே தவிர நகரவில்லை. தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து கயிறு கட்டி இழுத்ததில் அவன் சட்டை மட்டும் கையோடு வந்தது. நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்றால் நாற்காலியின் கால்கள் வேர்விட்ட மாதிரி மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தன. காலை ஆட்டலாம், கையை வீசலாம், தலையைத் திருப்பலாம். எழுந்திருப்பது ஒன்றுதான் ஆகாது. அவனுக்குப் பசித்தது, தாகம் எடுத்தது. மற்ற காரியம் எல்லாம் எப்படி என்று கேட்கிறவர்களுக்குக் கிட்டங்கித் தெருவில் ஒரே பதில்தான்: குருவம்மாளின் தவணை மாதிரி அதுவும் நின்று போயிருந்தது.

மறுநாள் காலையில் பாக்கியத்தாய்தான் கண்டுபிடித்தாள். "ஒரு டியூவ வாங்காம எந்திரிக்க மாட்டேன்னு சொல்லிருந்தா நேத்தே எந்திரிச்சிருப்பீக. முழுசும்னு சொல்லிட்டீகள்ல தம்பி? முழுசும் வந்தாத்தான் விடும்."

"அது சும்மா சொன்னதுக்கா" என்றான் செண்பகராஜ்.

"போலீசு, ஜப்தின்னீகளே?"

"அதுவும் சும்மாதான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? தெருவே சேர்ந்து முழுக் கடனையும் அடைத்து அவனை எழுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் தெருவே கடனில்தான் இருந்தது.

கம்பெனி மேனேஜர் காரில் வந்து இறங்கினார். யாரோ ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்கள். அவர் செண்பகராஜைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார், "இருக்கட்டும்மா, நிக்கிறதுதான் உடம்புக்கு நல்லது" என்றார். குருவம்மாளின் கடன் முடிந்துவிட்டது என்று கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் தம்பி எழுந்துவிடுவான் என்று பெண்கள் எடுத்துச் சொன்னார்கள். அவர் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார். ஒரு பக்கம் ஆள், ஒரு பக்கம் கடன். கடைசியில், "இதுக்கு நான் சம்மதிச்சா நாளைக்குத் தெருவுக்குத் தெரு ஒருத்தன உக்கார வெச்சிருவீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, செண்பகராஜ் வெளிவேலையில் இருப்பதாக எழுதிக்கொண்டு, ஒரே ஒரு வீட்டைத்தான் பார்க்கிறான் என்பதால் சம்பளத்தைப் பாதியாக்கிவிட்டுக் காரில் ஏறினார்.

ஆக, அவனை வைத்துக் காப்பாற்றுகிற பொறுப்பு தெருவின் தலையில் விழுந்தது. வந்தவனைப் பட்டினி போட முடியுமா? வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை போட்டார்கள். ஒரு வீட்டில் உப்பு தூக்கல், ஒரு வீட்டில் காரம் தூக்கல், எல்லா வீட்டிலும் கத்திரிக்காய். அவன் நாற்காலிக்கு மேலே நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டினார்கள். ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துப் போன் சார்ஜ் போட வழி பண்ணினார்கள். அவன் பைக்கை ஓரமாகத் தள்ளி நிறுத்தியதும் பாக்கியத்தாயின் கோழி அதன் சீட்டில் அடைய ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் தபால்காரர் "செண்பகராஜுக்கு எதிர்வீடு" என்று விலாசம் கேட்கிற அளவுக்கும், வெளியே போகிற பெண்கள் "அரிசி காயுது, காக்காய விரட்டுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போகிற அளவுக்கும் அவன் தெருவோடு சேர்ந்துவிட்டான். காக்காய் விரட்டுவதில் நல்ல கெட்டிக்காரன் என்று அந்தத் தெரு இன்றைக்கும் அவனுக்குச் சான்றிதழ் கொடுக்கும்.

கயத்தாறுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அவன் மனைவி பவித்ரா எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தாள். அவளுக்குத் துணையாக யாருமில்லை. சொந்தம் விட்டுக் கட்டிக்கொண்டதால் இரண்டு வீட்டிலும் பேச்சுவார்த்தை கிடையாது. கம்பெனி சென்னைக்கு டிரெய்னிங் அனுப்பியிருப்பதாக அவளிடம் போனில் சொல்லியிருந்தான். "எப்ப முடியும்?" என்று அவள் தினமும் கேட்பாள், "தைக்குள்ள முடிஞ்சிரும்" என்று அவன் தினமும் சொல்வான், சொல்லிவிட்டு நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து எம்பிப் பார்ப்பான். தைக்குள் எழுந்துவிட வேண்டும், பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். அவனுக்கு இருந்தது அந்த ஒரு கவலைதான்.

பொழுது போகாத ஒரு மத்தியானம், அரிசி புடைத்துக்கொண்டே பாக்கியத்தாய் கேட்டாள், "ஏந்தம்பி, எங்களுக்கு உறுதிமொழி வெச்சிருக்காகல்ல, உங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?"

"இருக்குக்கா. வேலைக்குச் சேந்தப்போ பரீட்சையே வெச்சாங்க. நான்தான் முதல் மார்க்கு" என்றான் செண்பகராஜ், முகம் கொஞ்சம் மலர்ந்து.

"அப்படி என்ன எழுதுனீக? சொல்லுங்க கேப்போம்."

அவன் சொல்ல ஆரம்பித்தான். காலை ஒன்பது மணிக்கு முன்னால் வரக்கூடாது, சாயங்காலம் ஆறு மணிக்குப் பின்னால் வரக்கூடாது. பேசிவைத்த இடத்தில்தான் வசூலிக்க வேண்டும், அடுத்தடுத்து இரண்டு தடவை அங்கே வராமல் போனால்தான் வீட்டுப்பக்கம் தலை காட்டலாம். கெட்ட வார்த்தை கூடாது, மிரட்டல் கூடாது, சொந்தக்காரரையும் கூட வேலை செய்கிறவரையும் தொந்தரவு பண்ணக்கூடாது. இல்லாத கடனை இருக்கிறது என்றோ, நடக்காத தண்டனையை நடக்கும் என்றோ சொல்லக்கூடாது. கேட்டால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். குறையிருந்தால் எங்கே புகார் கொடுப்பது என்று கடன் வாங்கியவருக்குச் சொல்லிவைக்க வேண்டும். முறத்தை ஆட்டுவதை நிறுத்திவிட்டுப் பாக்கியத்தாய் வாயைப் பிளந்து கேட்டாள்.

"இதெல்லாம் தெரிஞ்சா வந்து உக்காந்தீக?"

"பரீட்சைக்குப் படிச்சதுக்கா. பரீட்சை முடிஞ்சதும் மறந்துரும்ல?"

சாயங்காலத்துக்குள் அது தெருவெல்லாம் பரவியது. மழை விட்டு ஆபீஸ் திறந்ததும் குச்சி அடுக்குகிற கைவேகத்துக்கு ஏற்ப அதைக் கும்மிப் பாட்டாகக் கட்டிவிட்டார்கள். 'ஒன்பது மணிக்கு முன்னாலே ஓரடி வாசல் மிதிக்காதே, ஆறு மணிக்குப் பின்னாலே அரட்டுற பேச்சுப் பேசாதே' என்று ஒருத்தி எடுத்துக் கொடுக்க, தகரக் கூரை அதிர மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் சமுதாயக் கூடத்துக்குப் பதிலாகச் செண்பகராஜ் முன்னால் கூடினார்கள், பெண்கள் கையை நீட்டி அவர்கள் உறுதிமொழியைச் சொன்னார்கள், அது முடிந்ததும் அவன் உட்கார்ந்தபடியே கையை நீட்டி அவனுடையதைச் சொன்னான். ஒரு வரி விட்டால் திரும்பவும் முதலிலிருந்து.

அந்தத் தெருவுக்கு இவன் ஒருத்தன்தான் வசூல்காரன் என்றில்லை. மிக்சிக்கு ஒருத்தன், டிவிக்கு ஒருத்தன், நகைக்கு ஒருத்தன் என்று திங்கள் முதல் சனி வரை ஆள் உண்டு. அவர்கள் முதலில் செண்பகராஜை வேடிக்கை பார்க்க வந்தார்கள், பிறகு விசாரித்தார்கள், பிறகு முகம் வெளுத்தார்கள். அதற்கப்புறம் எந்த வீட்டு வாசலில் எவன் குரலை உயர்த்தினாலும் வீட்டுக்காரி பதில் பேசுவதில்லை. உள்ளே போவாள், ஒரு நாற்காலியைக் கொண்டுவருவாள், முந்தானையால் துடைத்துப் போடுவாள், "உக்காந்து பேசுங்க தம்பி" என்பாள். அவ்வளவுதான். "இல்லம்மா, நாளைக்குப் பத்து மணிக்கு வாரேம்மா, ஐடி கார்டு பாக்குறீங்களாம்மா" என்று கும்பிடு போட்டுக்கொண்டு பின்னால் நடப்பார்கள். கார்த்திகைக்கும் மார்கழிக்கும் நடுவில் கடைத்தெருப் பாத்திரக் கடையில் பிளாஸ்டிக் நாற்காலி இருப்பு இல்லாமல் போனது. தவணை கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், திட்டு வாங்காமல் கட்டினார்கள்.

இப்படித் தெருவுக்கே விடிந்தது. வாசலைக் கொடுத்தவளுக்குத்தான் விடியவில்லை.

குருவம்மாள் அவனிடம் பேசுவதில்லை. முறை வந்த நாளில் தட்டை வைப்பாள், காலித் தட்டை எடுப்பாள். தெருவுக்கு அவன் வேடிக்கை, காவல், பாட்டு வாத்தியார் எல்லாமாக ஆகிவிட்டான். அவளுக்கு, கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற கடன். காய்கறி வாங்க நின்றாலும், ரேஷன் வரிசையில் நின்றாலும், "நீங்கதான செண்பகராஜ் உக்காந்திருக்குற வீடு?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார்கள். அவள் கம்மலைப் பற்றி அவன் சொன்ன வார்த்தையை எல்லாரும் மறந்துவிட்டார்கள், அவள் மறக்கவில்லை. கம்மலைக் கழற்றிவைத்துவிட்டு வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள். என் வாசல் எனக்கு வேண்டும் என்பது மட்டும்தான் அவளுக்கு.

மார்கழி பிறந்தது. விடியற்காலையில் சாணி தெளித்துக் கோலம் போடாமல் இருக்க முடியாது, போடலாம் என்றால் வாசல் நடுவில் ஓர் ஆள். "காலத் தூக்குங்க" என்றாள் குருவம்மாள். அவன் உட்கார்ந்த பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவன் தூங்கி வழிகிற கண்ணோடு காலைத் தூக்கிக்கொண்டான், அவள் கூட்டினாள், தெளித்தாள், நாற்காலியைச் சுற்றிப் புள்ளி வைத்தாள், புள்ளியைச் சுற்றிக் கம்பி இழுத்தாள். விடிந்து பார்த்தால், மார்கழிக் கோலத்துக்கு நடுவில் பூசணிப்பூவை வைத்த மாதிரி செண்பகராஜ் இருந்தான். தெருவில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தினமும் ஒரு கோலம், தினமும் அவன்தான் பூ.

அப்படி ஒரு விடியலில், தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அவன் சொன்னான், "அக்கா, அன்னிக்கு நான் அப்படிப் பேசிருக்கக் கூடாது. கம்மலப் பத்தியெல்லாம்... தப்புத்தான். மன்னிச்சிருங்க."

பனியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். இதுதான் சமயம், இப்போது விட்டுவிடும் என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. இந்தக் கதையைக் கேட்கிற உங்களுக்கும் இருக்கும். அவன் கைப்பிடியைப் பிடித்து எம்பினான். நாற்காலி ஒரு சாமானியப்பட்ட நாற்காலி, அது மன்னிப்பை எல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"பேசினது பேசினதுதான்" என்றாள் குருவம்மாள். "எடது கால இன்னுங் கொஞ்சம் தூக்குங்க."

ஆனால் அதற்குப் பிறகு தட்டில் கத்திரிக்காய் வைப்பதை நிறுத்திவிட்டாள்.

மார்கழி முடிகிற நேரத்தில் ஆளுக்கொரு கவலை முற்றியது. அவனுக்குப் பிள்ளை பிறக்கிற நாள் நெருங்கியது. குருவம்மாளுக்குப் பொங்கல் நெருங்கியது. கிட்டங்கித் தெருவில் பொங்கப் பானையை வாசலில், கிழக்கே பார்த்து, கோலத்தின் நடுவில்தான் ஏற்றுவார்கள். புருஷன் ஊரில் இல்லாவிட்டாலும், கையில் காசு இல்லாவிட்டாலும், பானை பொங்காத வாசல் என்ன வாசல்? போகியன்று சாயங்காலம் அடுப்புக் கூட்ட மூன்று கல்லையும் புதுப் பானையையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். நாள் முழுக்க அடக்கியது எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"இத நான் எங்க வைக்க? உங்க மடியிலயா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பழைய பாயையும் கிழிந்த முறத்தையும் எரிக்கக் கூடியிருந்த பெண்கள் நெருப்பை மூட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் அவன் போன் அடித்தது. சார்ஜ் ஒயர் கட்டையாக இருந்ததால் காதுக்கு எட்டாது. எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவான், பேசுவதைத் தெருவே கேட்கும், அதில் யாருக்கும் கூச்சமில்லை.

"ஏங்க..." என்றது பவித்ராவின் குரல். "வண்டி லோனுக்குன்னு ஒருத்தர் வந்து வாசல்ல உக்காந்திருக்காரு. சத்தம் போடுதாரு. அக்கம் பக்கமெல்லாம் பாக்குது. எனக்கு மத்தியானத்துலருந்து அடிவயிறு சுண்டி இழுக்கு. எந்திரிச்சுப் போங்கன்னாப் போகமாட்டேங்காரு."

பாதிச் சம்பளத்தில் பைக்குத் தவணை நின்றிருந்தது. "போன அவர்ட்ட குடு" என்றான் செண்பகராஜ். பிறகு வலது கையை நீட்டிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை சொல்கிற அதே ராகத்தில் ஆரம்பித்தான், "சார், வணக்கம் சார். மணி ஏழரை ஆச்சு சார். வண்டி லோனுன்னாலும் ஏழு மணிக்கு மேல வீட்டுக்கு வரக்கூடாது, மிரட்டக் கூடாது, அக்கம் பக்கத்துல அசிங்கப்படுத்தக் கூடாது, ஐடி கார்டு—"

"எனக்கே சட்டஞ் சொல்லுதியா?" என்றது அந்தக் குரல். "நானும் அந்தப் பரீட்சை எழுதுனவன்தாம்ல. பொம்பளைய முன்னால விட்டுட்டு எங்கல ஒளிஞ்சிருக்க? கேட்டுக்கோ. இன்னிக்கு வட்டியும் முதலுமா முழுசா வாங்காம நான் இந்தச் சேர விட்டு—"

"சார்! சொல்லாதீங்க சார்!"

அந்தக் கத்தலில் பைக் சீட்டில் அடைந்திருந்த கோழி பறந்து கீழே விழுந்தது.

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லி முடிச்சிராதீங்க சார்! உங்க கால்ல விழுறேன். நான் எங்கயும் ஒளியல சார், சொல்லிட்டு உக்காந்தவன் சார், இப்படித்தான் ஒரு வாசல்ல உக்காந்து சொன்னேன், அதோட அவ்வளவுதான்! நீங்களும் அங்கயே இருந்துருவீங்க சார். உங்களுக்கும் வீடு இருக்கும், தேடுவாங்க. நான் இங்க இருப்பேன், நீங்க அங்க இருப்பீங்க, எம் பொண்டாட்டிக்கு வலி எடுத்தா யாரு சார் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போறது? வண்டிய எடுத்துக்கோங்க, என்ன வேணா எடுத்துக்கோங்க, அத மட்டும் சொல்லாதீங்க!"

சொல்லிக்கொண்டே, போனை ஒயரிலிருந்து பிடுங்கிக் காதோடு அழுத்திக்கொண்டு, அவன் போகி நெருப்புக்கும் வேப்பமரத்துக்கும் இடையில் போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். பாக்கியத்தாய் "ஏ!" என்று வாயைத் திறந்தாள். குருவம்மாள் சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். மற்றவர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவன் குரலில் இருந்த பயம் பொய்ப் பயம் இல்லை என்று அந்தப் பக்கத்து ஆளுக்கு எப்படியோ உறைத்திருக்க வேண்டும். "என்னய்யா என்னென்னவோ சொல்லுத..." என்றான் தணிந்து, பிறகு நாற்காலி கரகரவென்று பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது, பிறகு, "சரி, நாளன்னிக்குப் பத்து மணிக்கு வாரேன். ஒம் பொண்டாட்டிக்கு வேர்த்து ஊத்துது, சீக்கிரம் வாய்யா" என்று கேட்டது.

செண்பகராஜுக்கு உயிர் வந்தது. உடம்பெல்லாம் தளர்ந்து, பெருமூச்சு விட்டு, பழக்க தோஷத்தில் திரும்பி வந்து நாற்காலியில் உட்காரப் போனான்.

குருவம்மாள் நாற்காலியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவன் பொத்தென்று மண்ணில் விழுந்தான்.

"எஞ் சேரு" என்றாள் அவள், இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "போங்க தம்பி. ஓடுங்க!"

அப்போதுதான் அவன் தன் காலைப் பார்த்தான், மண்ணைப் பார்த்தான், எல்லார் முகத்தையும் பார்த்தான். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தான். கோழி எச்சத்தைத் துடைக்கக் கூட நேரமில்லாமல் பைக்கில் ஏறினான். கிளம்ப மறுத்த வண்டியைத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து முக்குவரைக்கும் தள்ளிவிட்டார்கள். பொழுது விடிகிற நேரத்தில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்ததாகப் போன் வந்தபோது குருவம்மாள் வாசலில் நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நாற்காலி இருந்த இடத்தில் நடுக்கோலம், கோலத்தின் நடுவில் பானை, காதில் கம்மல். பானை பொங்கி வழிந்தபோது அவள் போட்ட குலவைச் சத்தம் தீப்பெட்டி ஆபீஸ் வரைக்கும் கேட்டது.

கம்பெனியிலிருந்து செண்பகராஜுக்கு விளக்கம் கேட்டார்கள்: முழுத் தொகையும் வசூலாகாத நிலையில் எதற்காக எழுந்தாய்? அவன் என்ன பதில் சொன்னான் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் வேலை போகவில்லை. தன்னைக் கட்டிய வார்த்தை இன்னொருத்தனைக் கட்டாமல் தடுத்தான் பாருங்கள், அதற்குத்தான் நாற்காலி விட்டது என்பது பாக்கியத்தாயின் கணக்கு.

தை மாதம் பாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சரியாகப் பத்து மணிக்கு, கழுத்தில் அடையாள அட்டையோடு சமுதாயக் கூடத்துக்கு வந்தான். பெண்கள் உறுதிமொழி சொன்னார்கள், அவனும் கை நீட்டிச் சொன்னான். ஆபீஸ் திறந்திருந்ததால் குருவம்மாள் அந்த வாரத் தவணையை எண்ணி வைத்தாள், தனக்காக நாலு பேரும் போட்ட பழைய தவணையையும் அவர்கள் கையில் தனித்தனியாகத் திருப்பிக் கொடுத்தாள். அவன் நின்றபடியே வாங்கினான், நின்றபடியே ரசீது போட்டான். கூடத்திலிருந்த நாற்காலியை யாரோ அவன் பக்கம் தள்ள, ஒரு குதி குதித்து விலகினான். குருவம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"வெயிலுக்கு முன்னால வீட்டுக்கு வாங்க தம்பி, ஒரு வாய் சாப்ட்டுப் போலாம். கத்திரிக்கா இல்ல."

"இருக்கட்டுக்கா, நின்னுக்கிட்டே சாப்ட்டுக்கிறேன்."

"நின்னுக்கிட்டு யாராச்சும் சாப்புடுவாகளா? தரையில உக்காருங்க."

அவன் யோசித்தான். வேடிக்கைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டான், "தரைன்னா திரும்ப எந்திரிச்சிரலாமாக்கா?"

"அது நீங்க என்ன சொல்லிக்கிட்டு உக்காருறீகங்கறதப் பொறுத்தது" என்றாள் குருவம்மாள்.